மூன்றாவது உறையில் சவுண்டு கார்டு

உள்ளே துப்பாக்கி வெடித்தது.

வராந்தாவில் பானையிலிருந்து தண்ணீர் மொண்டுகொண்டிருந்த காவலாளி அய்யாசாமி தம்ளரை நழுவ விட்டார். வேப்பமரத்துக் காக்கைகள் ஒட்டுமொத்தமாகக் கிளம்பின. பெஞ்சில் உட்கார்ந்திருந்த வேம்புலி மட்டும் அசையவில்லை. பக்கத்துத் தெருவில் யாரோ கதவைச் சாத்தியதுபோல் அவருக்குக் கேட்டது.

மறுபடி வெடித்தது. இந்த முறை ஐந்தாறு குண்டுகள், விடாமல்.

"இன்னா மேஸ்திரி, உள்ள சுடறாங்கோ, நீ பாட்டுக்குக் குந்திகினு கீறே?" என்றார் அய்யாசாமி.

"யாரு சுடறது?"

"டைரக்டர் சார்தான்."

"யாரை?"

"அத்த நான் கேக்கல. கமிட்டி நடக்க சொல்லோ நான் உள்ள போவக்கூடாது."

வேம்புலி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு. நிலையத்தை ஐந்துக்குப் பூட்டிவிடுவார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் தொழிலாளர் செவித்திறன் காப்பு நிலையத்துக்கு அவர் வருவது இது ஆறாவது தடவை. வீடு மேனாம்பேட்டில். வேலை பாடியில் ஒரு இரும்புப் பட்டறைத் தொழிற்சாலையில். பழுக்கக் காய்ந்த இரும்பின்மேல் ஒரு டன் சுத்தியல் இறங்கும் பிரிவில் பத்தொன்பது வருஷம் நின்றிருக்கிறார். நிமிஷத்துக்கு நாற்பது அடி. இடது காது போன தீபாவளிக்கு முன்பே போய்விட்டது. வெடி வாங்கும் செலவு மிச்சம் என்று அப்போது சிரித்துக்கொண்டார். பொங்கலுக்கு வலது காதிலும் ரீங்காரம் கேட்க ஆரம்பித்தபோது சிரிப்பு வரவில்லை. டாக்டர் ஒரே வரியில் சொன்னார்: இன்னும் ஆறு மாதம் அந்தச் சுத்தியல் பக்கத்தில் நின்றால் இதுவும் போய்விடும்.

தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஒரே ஓர் இடம். காது பழுதடைந்திருப்பதாக இந்த நிலையம் சான்றிதழ் கொடுத்தால் அவரை அங்கே மாற்றுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். இன்று மாலை ஆறு மணிக்குள் அந்தத் தாள் டைம் ஆபீசுக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் ஏப்ரல் ஒன்றாம் தேதி, திங்கட்கிழமை, பழையபடி சுத்தியல்.

சோதனைக்குப் பத்து நிமிஷம் போதும். ஹெட்போனை மாட்டி, கம்ப்யூட்டரிலிருந்து விதவிதமான 'பீப்' ஒலிகளை அனுப்புவார்கள். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் கம்ப்யூட்டருக்கு ஒலி கொடுக்கும் சவுண்டு கார்டு ஜனவரியில் கருகிவிட்டது. புதிய கார்டு வாங்க ஒரு குழு அமைத்தார்கள். குழு கூடிக் கூடிப் பேசியதில் இரண்டரை மாதம் ஆயிற்று. இன்று மார்ச் இருபத்தொன்பது, வெள்ளிக்கிழமை. நிதியாண்டின் கடைசி வேலைநாள். ஐந்து மணிக்குள் வாங்கிக் கோப்பை முடிக்காவிட்டால் ஒதுக்கீடு காலாவதியாகும் என்பதால், குழு கடைசியில் விழித்துக்கொண்டுவிட்டது.

கதவு திறந்தது. சோதனை எடுக்கும் ஹில்டா தலையை நீட்டினாள்.

"வேம்புலி அண்ணே, உள்ள வாங்க."

"டெஸ்டா மேடம்?"

"இல்ல," என்றாள் ஹில்டா. எப்படிச் சொல்வதென்று ஒரு கணம் யோசித்தாள். "நீங்க கொஞ்சம் சண்டை போடணும்."

*

அறையில் மேஜைமேல் ஒரு கம்ப்யூட்டர் மூடி கழற்றப்பட்டு, குடல் வெளியே தெரியக் கிடந்தது. அதன் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரோடு நின்றவன் இக்னேஷியஸ். வேலப்பன்சாவடியில் கல்லூரிகளுக்கு எதிரே கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். திரையில் ஒரு இருட்டுக் குகை. அதன் நடுவே ரத்தக் கறையோடு யாரோ விழுந்து கிடந்தார். அது நிலையத்தின் இயக்குநர் இராமகிருஷ்ணன் என்று பிறகு தெரிந்தது. திரைக்கு வெளியே அவர் மேஜைமேலிருந்த பெரிய ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான்காவது முறையாக உயிரிழந்தேன். குறித்துக்கொள்ளுங்கள்," என்றார்.

கண்காணிப்பாளர் தாட்சாயிணி குறித்துக்கொண்டார். குழுவின் மூன்றாவது உறுப்பினர் பாஸ்கரன் விடுப்பில் இருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று கையெழுத்தை முன்கூட்டியே போட்டுவைத்துவிட்டுப் போயிருந்தார்.

"சார், கும்புடறேன்," என்றார் வேம்புலி. "இன்னிக்காவது டெஸ்ட் எடுப்பீங்களா? ஆறு மணிக்குள்ள பாடில தரணும்."

"அதற்காகத்தான் உயிரைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்," என்றார் இயக்குநர், திரையைக் காட்டி. "உட்காருங்கள். தலைமை அலுவலகச் சுற்றறிக்கைப்படி, கணிப்பொறிக்கு வாங்கும் எந்த உதிரிபாகமும் குறைந்தது இரண்டு பயன்பாட்டுக்கு உகந்ததாக இருக்க வேண்டும். ஒலி அட்டையின் முதல் பயன்பாடு, ஹெட்போனில் கேட்பது. இரண்டாவது பயன்பாடு என்ன? மூன்று கூட்டங்களில் விவாதித்தோம். விளையாட்டு என்று முடிவாயிற்று. ஊழியர் நலன் என்ற தலைப்பின் கீழ் வருகிறது."

"நான் வந்தது காதுக்கு சார்."

"காது ஒரு தனிமனிதருடையது. ஊழியர் நலன் அனைவருக்கும் உரியது. ஆகவே விளையாட்டை முதலில் எடுத்துக்கொண்டோம்."

மேஜையில் மூன்று பழுப்பு உறைகள் இருந்தன. ஒன்று பிரிக்கப்பட்டிருந்தது. இக்னேஷியஸ் வேம்புலியின் வலது பக்கம் வந்து நின்றான். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டதைப் பார்த்ததுமே எந்தப் பக்கம் நிற்க வேண்டுமென்று அவனுக்குப் புரிந்திருந்தது.

"அண்ணாத்தே, மொதோ கார்டு சூப்பர் கார்டு. பதினாறு பிட்டு. ஆம்ப்ளிபயர் உள்ளயே கீது, ஹெட்போனை நேரா சொருவலாம். எங்க கடையில காலேஜ் பசங்க இத்தப் போட்டுதான் ஆடறானுங்கோ. எதிரி எந்தப் பக்கம் வரான்னு காலடி சத்தமே சொல்லிடும். ரெண்டாவது கொஞ்சம் மட்டம். பின்னால மழை பேயற மாரி 'ஸ்ஸ்'ன்னு கேட்டுகினே கெடக்கும்."

"மூணாவது?"

இக்னேஷியஸ் ஸ்க்ரூடிரைவரை ஆராய்ந்தான். "அது சும்மா கீது," என்றான்.

தாட்சாயிணி கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார். "விற்பனையாளர் பொருளைப் பத்தி அபிப்பிராயம் சொல்லக்கூடாது. குழு உறுப்பினரும் தனியா முடிவு பண்ண முடியாது. ஹில்டா பணியாளர், அதனால அவங்க கேட்டதும் செல்லாது. சுயேச்சையான கேட்பாளர் ஒருத்தர் வேணும்னு விதி இருக்கு. வெளியில நீங்கதான் இருந்தீங்க."

இப்படித்தான், காது கேட்காதென்று சொல்ல வந்த வேம்புலி, அந்தக் கட்டடத்தில் சட்டப்படி காது கேட்கக் கூடிய ஒரே ஆள் ஆனார்.

*

ஹில்டா ஹெட்போனை மாட்டிவிட்டாள். அவருக்கு மட்டும் கேட்கும்படி வலது பக்கம் குனிந்தாள்.

"அண்ணே, விளையாட்டுக்கு முன்னாடி பீப் சத்தம் போடறேன். நம்ம டெஸ்டுதான். கேட்டா விரலைத் தூக்குங்க. நான் தாள்ல குறிச்சுக்கறேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

வேம்புலி கண்ணை மூடிக்கொண்டார். பொங்கலிலிருந்து அவர் காத்திருந்தது இதற்காகத்தான். வலது காதில் ஓர் ஒலி வந்தது, ஊசி முனைபோல. விரலைத் தூக்கினார். அடுத்தது அதைவிட மெல்லியது. தூக்கினார். அதற்கடுத்து ஒன்று வந்ததா, வரவில்லையா? தெரியவில்லை. பிறகு இடது காது. ஹில்டாவின் கை பொத்தானை அழுத்துவதைக் கண்ணைத் திறந்து பார்த்தார். அழுத்துகிறாள். மறுபடி அழுத்துகிறாள். ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறாள் என்று முகத்தில் தெரிந்தது. அவர் விரல் மடியிலேயே கிடந்தது.

ஹில்டா தாளில் கடைசிப் புள்ளியை வைத்து, அதை மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அடுத்து விளையாட்டு. குகைக்குள் நுழைந்தார். வலது பக்கத்தில் காலடி கேட்டது. திரும்பிச் சுட்டார், ஒருவன் விழுந்தான். பரவாயில்லையே என்று நினைத்தார். அடுத்த நொடி அவரே விழுந்தார். மறுபடி எழுந்தார், மறுபடி விழுந்தார். ஒவ்வொரு தடவையும் குண்டு இடது பக்கமிருந்துதான் வந்தது.

"என்ன ஆயிற்று?" என்றார் இயக்குநர்.

"லெப்ட்ல வந்து சுடறான் சார். சத்தமே கேக்கல."

இயக்குநர் தாட்சாயிணியைப் பார்த்தார். தாட்சாயிணி எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார்: "முதல் அட்டை. இடப்பக்கம் ஒலி வரவில்லை. பழுது."

"ஐயோ, கார்டு நல்லாத்தான் கீது சார்," என்றார் வேம்புலி. "என் காதுதான் போச்சு."

"அதை நீங்கள் சொல்லக் கூடாது."

"என் காது சார்."

"இருக்கலாம். அது பழுதானதற்குச் சான்று உண்டா?"

"அத்த வாங்கத்தானே வந்திருக்கேன்."

"ஆக, இல்லை. சான்று இல்லாதவரை உங்கள் காது நல்ல காது. நல்ல காதில் இடப்பக்கம் கேட்கவில்லையென்றால், பழுது அட்டையில்தான் இருக்க முடியும்." இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இந்த நிலையம் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சான்றின் அடிப்படையில் இயங்குகிறது. வருகிறவர்கள் சொல்வதை எல்லாம் கேட்க ஆரம்பித்தால் நிலையம் எதற்கு?"

"சார், நான் போட்டுக் காட்டறேன்," என்று இக்னேஷியஸ் ஹெட்போனை எடுத்தான். "ரெண்டு பக்கமும் கணீர்னு கேக்குது."

"நீங்கள் கேட்டது லாப நோக்கத்தோடு கேட்டது. இரண்டாவது உறையைப் பிரியுங்கள்."

மணி மூன்று.

*

கார்டை மாற்றுவது லேசான வேலையல்ல. பழையதைப் பிடுங்கி, புதியதைச் சொருகி, அதிலிருக்கும் பொடிப் பொடி ஊசிகளை இடம் மாற்றி, கம்ப்யூட்டரை எழுப்ப வேண்டும். அது எழுந்திருக்க மறுத்தது. இக்னேஷியஸ் மூன்று முறை ஊசிகளை மாற்றினான். கடிகாரம் மூன்றே முக்காலைத் தாண்டியது. வேம்புலியின் பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியது. இங்கிருந்து பாடிக்குப் பஸ் கிடைத்து, இறங்கி, கேட்டில் பேசி உள்ளே போக ஒரு மணி நேரம் வேண்டும்.

இரண்டாவது கார்டில் இக்னேஷியஸ் சொன்ன மழை பெய்தது. வலது காதில் மட்டும் பெய்தது. காலடி மழையில் கரைந்துபோனது. வேம்புலி ஆறு தடவை செத்தார். அவருக்கு முன் ஆடிய இயக்குநர் ஏழு தடவை. ஒவ்வொரு வெடிக்கும் இயக்குநரின் தோள் தூக்கிப் போட்டது, கை நழுவியது, அந்த நேரம் பார்த்து எதிரி சுட்டான்.

"இரண்டாவது அட்டை. இடப்பக்கம் பழுது. வலப்பக்கம் ஈரப்பதம்," என்று தாட்சாயிணி எழுதினார்.

மூன்றாவது உறையை எடுத்தபோது இக்னேஷியஸின் கை தயங்கியது.

"சார், இது வேணாம் சார்."

"ஏன்?"

"சொன்னா கோச்சிக்கக் கூடாது. மூணு கொட்டேஷன் இல்லாம கமிட்டி உக்காராதுன்னு ஆபீஸ்ல சொன்னாங்கோ. என்னாண்ட ரெண்டு மாடல்தான் கீது. மூணாவது கவரு காலியா இருந்தா நல்லா இருக்காதேன்னு, ஜனவரில நீங்க ரிப்பேருக்குக் குடுத்தீங்களே, அந்தக் கருகுன கார்டையே உள்ள போட்டுட்டேன். அது செத்துப்போன கார்டு சார்."

கருகிய வாசனை லேசாக உறையிலிருந்து வந்தது.

"மூடிய உறைக்குள் என்ன இருக்கிறது என்பதைக் குழு முன்கூட்டியே அறிவது கடுமையான விதிமீறல்," என்றார் இயக்குநர். "நீங்கள் இப்போது சொன்னதை நாங்கள் கேட்கவில்லை. தாட்சாயிணி, நீங்கள் கேட்டீர்களா?"

"இல்ல சார்."

"பொருத்துங்கள்."

இக்னேஷியஸ் பொருத்தினான். இந்த முறை கம்ப்யூட்டர் உடனே எழுந்துகொண்டது. இயக்குநர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குகைக்குள் இறங்கினார். ஒரு சத்தமும் இல்லை. தோள் அசையவில்லை. நிதானமாக ஒவ்வொருவனாகச் சுட்டார். முதல் குகையைக் கடந்தார், இரண்டாவதைக் கடந்தார். திரையில் ஒரு கிரீடம் தோன்றி அவர் தலையில் உட்கார்ந்தது. வாழ்நாளில் முதல்முறையாக ஜெயித்தவருடைய முகத்தோடு இயக்குநர் எழுந்தார்.

"மன ஒருமைப்பாட்டுக்கு மிக உகந்த அட்டை. சுயேச்சைக் கேட்பாளர், நீங்கள் சொல்லுங்கள். இடது காதில்?"

வேம்புலி ஹெட்போனை மாட்டினார். "ஒண்ணும் கேக்கல சார்."

"வலது?"

"ஒண்ணுமே கேக்கல."

"இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதா?"

வேம்புலிக்குப் பொய் வராது. "ஒரே மாரிதான் கீது சார்."

தாட்சாயிணி இரட்டை அடிக்கோடு போட்டு எழுதினார்: "மூன்றாவது அட்டை. இருபுறமும் சமச்சீர். விளையாட்டில் முழு வெற்றி. தேர்வு செய்யப்பட்டது."

பாஸ்கரனின் கையெழுத்து ஏற்கனவே அங்கே இருந்தது.

*

மணி நான்கு பத்து.

"இப்பவாவது என் டெஸ்டு?" என்றார் வேம்புலி.

"இதோ," என்றார் இயக்குநர் உற்சாகமாக. "உங்களுடைய சோதனைதான் இந்த அட்டையின் முதல் பயன்பாடு. முதல் பயன்பாட்டுச் சான்று கோப்பில் சேர்ந்தால்தான் கொள்முதல் முற்றுப்பெறும். ஹில்டா, ஆரம்பிக்கலாம்."

"சார், கார்டுல சத்தமே வரலையே," என்றாள் ஹில்டா. "எப்படி சார் டெஸ்ட் பண்றது?"

"அட்டை குழுவால் தேர்வு செய்யப்பட்டது. பொத்தானை அழுத்துங்கள்."

அவள் அழுத்தினாள். வேம்புலியின் விரல் மடியில் கிடந்தது. எல்லாப் பொத்தானையும் அழுத்தி முடித்தாள். விரல் அங்கேயே கிடந்தது. சரி, எப்படியும் செவிடு என்றுதானே எழுதுவார்கள் என்று வேம்புலி நினைத்தார். முழுச் செவிடு என்று எழுதினால் ஸ்டோர்ஸிலும் சேர்க்க மாட்டார்களே என்றும் நினைத்தார்.

இயக்குநர் கணக்குப் போட்டார்.

"கருவி அனுப்பிய ஒலி எவ்வளவு? பூஜ்யம். இவர் கேட்டது? பூஜ்யம். அனுப்பியதில் ஒன்றையும் இவர் தவறவிடவில்லை. எனவே செவித்திறன் இழப்பு, பூஜ்யம். எழுதுங்கள். சுத்தியல் பிரிவில் பணிபுரிய முழுத் தகுதி."

"சார்," என்றார் வேம்புலி. எழுந்து நின்றுவிட்டார். "திங்கக்கெழமை என்னை அங்க நிக்க வெச்சா இந்தக் காதும் பூடும் சார். என் பொண்டாட்டி சொர்ணம் என்னாண்ட ரகசியம் பேசினா நாலு ஊட்டுக்குக் கேக்குது. அவ கத்தறதாவது எனக்குக் கேக்குதேன்னுதான் சார் நானே உசுரோட இருக்கேன்."

"உங்களுக்கு மகிழ்ச்சியான செய்தி சொல்லியிருக்கிறோம்," என்றார் இயக்குநர் வருத்தத்தோடு. "இந்த மாவட்டத்திலேயே பழுதில்லாத காது உங்களுடையது. இதை வீட்டில் சொன்னால் சந்தோஷப்படுவார்கள்."

தாட்சாயிணி தாளை நீட்டினார். "கடைசி வரியில கையெழுத்து. முதல்ல சார் படிச்சுக் காட்டுவார்."

"எனக்குப் படிக்கத் தெரியும் மேடம். எட்டாவது பாஸு."

"அது வேற. விதிப்படி வாய்விட்டுப் படிக்கணும்."

தாளின் அடியில் அச்சடித்திருந்த வரியை வேம்புலி பார்த்தார். 'மேற்கண்டதைப் படிக்கக் கேட்டேன், சரி.' கீழே கையெழுத்துக்குக் கோடு.

இயக்குநர் தாளோடு அவருடைய இடது பக்கம் வந்து நின்றார். அலுவலகக் குரலில், உதடு அசையாமல் படித்து முடித்தார்.

"போடுங்கள்."

வேம்புலி பேனாவைத் திறந்தார். மறுபடி அந்த வரியைப் பார்த்தார். மூடினார்.

"கேக்கலையே சார்."

"என்ன கேட்கவில்லை?"

"நீங்கோ படிச்சது. கேட்டேன்னு எப்டிப் போடறது?"

அது உண்மை. வேண்டுமென்று சொன்னதல்ல. ஆனால் தாட்சாயிணியின் பேனா பாதியில் நின்றதை அவர் பார்த்தார். இயக்குநரின் கண் கடிகாரத்துக்குப் போய்த் திரும்பியதையும் பார்த்தார். நான்கு இருபத்தைந்து. ஐந்து மணிக்கு அவசரம் தனக்கு மட்டும் இல்லை என்று வேம்புலிக்கு அந்த நாளில் முதல்முறையாக உறைத்தது.

இயக்குநர் வலது பக்கம் வந்து, உரக்கப் படித்தார். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது.

"கேக்கல சார்," என்றார் வேம்புலி.

பொய் வராது என்று சற்று முன் எழுதியதை இந்த இடத்தில் திருத்திக்கொள்ள வேண்டும்.

இயக்குநர் இன்னும் உரக்கப் படித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கேக்கல. தாட்சாயிணி படித்தார். கேக்கல. ஹில்டாவைப் படிக்கச் சொன்னார்கள். அவள் பாதியில் குனிந்துகொண்டாள், சிரிப்பில் தோள் குலுங்கியது. இக்னேஷியஸ் தானாக முன்வந்து சந்தைக் கூவல் போல ராகத்தோடு படித்தான்: "செவித்திறன் இயப்பூ... பூஜ்ஜியம்..." அய்யாசாமி ஜன்னலில் முகம் வைத்து, "இன்னா சார், தீ புடிச்சிகிச்சா?" என்றார்.

"கேட்டதா?" என்றார் இயக்குநர். தொண்டை கட்டிவிட்டது.

வேம்புலி கையைக் காதுக்குப் பின்னால் குவித்தார். "இன்னா சொன்னீங்கோ?"

நான்கு நாற்பது. இவர்கள் கோப்பைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனால், வெறுங்கையோடு நிற்பதும் அவர்தான். திங்கட்கிழமை அவருக்குத்தான். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பத்தொன்பது வருஷம் சுத்தியல் முன்னால் நின்றவர், இங்கே இன்னும் இருபது நிமிஷம் நிற்பார்.

"இவர் வேண்டுமென்றே கேட்காமல் இருக்கிறார்," என்றார் இயக்குநர். "அப்படிக் குறிப்பெழுதி முடியுங்கள்."

தாட்சாயிணி கண்ணாடியைக் கழற்றினார். ஐந்து பத்துக்குப் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் அவருக்கு ரயில். "எப்படி சார் எழுதறது? வேணும்னே கேக்கலைன்னா, அவருக்குக் காது கேக்கும்னு சான்று வேணும். அந்தச் சான்று இதுதான். இது அவர் கையெழுத்து போட்டாதான் செல்லும். அவர் கேட்டாதான் போடுவார்."

"கேட்கவில்லை என்று அவரே எழுதிக் கொடுத்தால்?"

"அப்ப இழப்பு பூஜ்யம்னு நாம எழுதினது தப்பாயிடும். முதல் பயன்பாடே தப்புன்னா கார்டு தப்பு. கார்டு தப்புன்னா குழு தப்பு. பாஸ்கரன் வேற கையெழுத்து போட்டிருக்கார், ஊர்ல இல்ல."

நான்கு நாற்பத்து மூன்று.

ஹில்டா கைப்பையைத் திறந்தாள். மடித்த தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இது என்ன?"

"முதல் கார்டு போட்டிருந்தப்ப எடுத்த டெஸ்டு சார். இடது காது முழுக்கப் போயிடுச்சு. வலதுல மூணுல ஒரு பங்கு."

"தேர்வாகாத அட்டையில் எடுத்த சோதனை செல்லாது."

"எந்த கார்டுன்னு அந்தத் தாள்ல எழுதலை சார்," என்றாள் ஹில்டா.

தாட்சாயிணி கடிகாரத்தைப் பார்த்தார். இயக்குநரைப் பார்த்தார். பிறகு புதிய படிவம் ஒன்றை இழுத்து, யாரையும் கேட்காமல் எழுத ஆரம்பித்தார். எழுதியதை இயக்குநரிடம் நீட்டினார். இயக்குநருக்குக் குரல் போயிருந்தது. காற்றுப்போல்தான் படிக்க முடிந்தது.

"இடது காது முழு இழப்பு. வலது காது பகுதி இழப்பு. சுத்தியல் பிரிவில் பணிபுரியத் தகுதியில்லை."

"கேட்டுச்சு சார்," என்றார் வேம்புலி. கோட்டின்மேல் கையெழுத்துப் போட்டார். அவசரத்தில் 'லி' இரண்டு மடங்கு பெரிதாக விழுந்தது.

இக்னேஷியஸ் தேர்வான கார்டை அந்தக் கம்ப்யூட்டரிலேயே விட்டுவிட்டு, நல்ல கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "அண்ணாத்தே, மொபெட்டு கீது. பாடி வரைக்கும் நான் உட்டுடறேன், வெளிய வந்துடு," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். ஹில்டா முத்திரை தேடிப் பக்கத்து அறைக்குப் போனாள். வந்து குத்தினாள். வேம்புலி ஜன்னலருகே திரும்பி நின்று, மை கலையாமல் இருக்கத் தாளை ஊதினார்.

பின்னால் தாட்சாயிணி கோப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். நாடாவை முடிந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு சந்தேகம் சார். அந்த முதல் கார்டு நல்ல கார்டுன்னு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். அதையே வாங்கியிருந்தா இவ்வளவு கஷ்டம் இல்லையே?" சொல்லிவிட்டு வேம்புலியின் முதுகைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வேம்புலியின் வலது காது அவர்கள் பக்கம் இருந்தது. ஊதுவதை நிறுத்திவிட்டார்.

இயக்குநர் இருமித் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். அன்றைக்கெல்லாம் பேசிய தமிழை விட்டு வீட்டுத் தமிழுக்கு இறங்கினார்.

"பேசுங்க, அந்தாளுக்குக் கேக்காது, இப்பதானே எழுதிக் குடுத்தோம். வருஷத்துக்கு ஒரு காது போச்சுன்னு சான்று குடுத்தா நிலையம் நல்லா நடக்குதுன்னு அர்த்தம்மா. நல்ல கார்டு வாங்கிப் போட்டு, பாடியில எல்லாக் காதும் போயிடுச்சுன்னு தெரிஞ்சா, திங்கட்கிழமை சுத்தியல்ல நிக்க ஆளு எங்கேருந்து வருவான்?"